ஜேர்மன் அடுப்புக்கு வயர் மாட்டித் தந்தவரைப் பற்றி, திருகோணமலை டைக் வீதியிலிருந்து

வேலைக்கு வந்தவர் முதல் அரை மணி நேரம் குசினிப் பக்கமே வரவில்லை. மோட்டார் சைக்கிளை மதிலோரம் நிறுத்திவிட்டு, விறாந்தையில் இருக்கும் மின்மானியையும் அதன் கீழே உள்ள, கரண்ட் கசிந்தால் தானாகவே துண்டிக்கிற ட்ரிப் சுவிட்சையும் பார்த்தார். பிறகு வீட்டைச் சுற்றிக்கொண்டு கிணற்றடிக்குப் போய், செவ்வரத்தை மரத்தடியில் குந்தி மண்ணைக் கையால் கிளறினார். "டீச்சர், ஏர்த் கம்பி எங்கே இறங்குகிறது என்று தெரியுமா?" என்று கேட்டார். இந்த வீட்டில் 31 ஆண்டுகளாக இருக்கிறேன். அந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

அவருடைய வேலையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். தன் பெயரையும் தொலைபேசி எண்ணையும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அனுராதபுரச் சந்திப் பக்கம் சிறிய கடை ஒன்றை வைத்திருக்கிறார், மகனும் அவருமாக வேலைக்குப் போகிறார்கள் என்பதுடன் நிறுத்திக்கொள்கிறேன். ஊரில் மின் அடுப்பு மாட்ட இருக்கிற மற்றவர்கள் யாரைக் கூப்பிட்டாலும், அவர் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துகொண்டு கூப்பிடட்டும் என்பதற்காகவே இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன்.

அடுப்பு என் தம்பியுடையது. ஜேர்மனியில் பல ஆண்டுகள் இருந்துவிட்டுக் குடும்பத்தோடு ஊருக்குத் திரும்பியபோது, வீட்டுச் சாமான்களோடு கொள்கலனில் வந்தது. மேலே கண்ணாடித் தளத்தில் நான்கு வட்டங்கள், கீழே பெரிய ஓவன். நான் மனையியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மார்கழியில் றிச் கேக்கும் மற்ற மாதங்களில் பட்டர் கேக்கும் ஓடருக்குச் செய்து கொடுக்கிறேன். 2021 கடைசியில் நாடு முழுக்க எரிவாயு அடுப்புகள் வெடித்த செய்திகள் வந்தன. அடுத்த ஆண்டு 12.5 கிலோ சிலிண்டரை உருட்டிக்கொண்டு விடியற்காலையிலேயே வரிசையில் போய் நின்றேன். அப்போதே இரண்டாவது அடுப்பு ஒன்று வீட்டில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்ததும் மறக்கவில்லை. அதனால் காஸ் அடுப்பையும் விடவில்லை, இரண்டும் இருக்கின்றன.

தம்பி தன் வீட்டில் வைக்க இடமில்லை என்று அடுப்பை எனக்கே தந்துவிட்டான். அதன் பின்னால் தடித்த வயர் ஒன்று தொங்கியது. முனையில் பிளக் இல்லை, ஐந்து நிற இழைகள் வெட்டிய மாதிரியே நீட்டிக்கொண்டிருந்தன. ஜேர்மனியில் இந்த வகை அடுப்புக்குப் பிளக் வைப்பதில்லை, சுவரில் உள்ள பெட்டிக்குள் நேரடியாகவே பூட்டிவிடுவார்கள் என்று தம்பி சொன்னான். பின்பக்கத் தகட்டில் 400 வோல்ட் என்று எழுதியிருந்தது. பக்கத்து வீட்டு அண்ணா அதைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, இது எங்கள் நாட்டுக் கரண்டுக்குச் சரிவராது, கண்வேர்ட்டர் வாங்க வேண்டும்" என்றார். அது உண்மையில்லை என்று பின்னால்தான் தெரிந்தது.

முதலில் வந்தவர் வேறு ஒருவர். அவரை யாரென்று சொல்லப்போவதில்லை. நான்கு வட்டங்களும் ஓவனும் வேலை செய்தால் போதும் என்று நானும் அவசரப்பட்டேன், அவரும் அவசரப்பட்டார். மண்ணிறம், கறுப்பு, சாம்பல் ஆகிய மூன்று இழைகளையும் ஒன்றாக முறுக்கி, நீலத்தையும் பச்சை மஞ்சளையும் சேர்த்து, குசினிச் சுவரில் கேத்தல் போடும் சதுர முள் பிளக் ஒன்றில் கொண்டுபோய் மாட்டினார். 40 நிமிடத்தில் வேலை முடிந்தது. இரண்டாம் நாள் பிளக்கின் பியூஸ் போனது. வந்து பார்த்தவர், பியூஸ் இருக்கும் இடத்தில் ஒரு செப்புக் கம்பித் துண்டைச் சுற்றி வைத்துவிட்டு, "இனிப் போகாது" என்றார். போகவில்லைதான். ஆறாம் நாள் கேக் வெந்துகொண்டிருக்கும்போது வெனிலா வாசனைக்கு நடுவே பிளாஸ்டிக் கருகும் மணம் வந்தது. பிளக்கைத் தொட்டேன், விரல் சுட்டது. அதன் வெள்ளை முகம், லைவ் முள் இருக்கும் பக்கம் மட்டும், தேயிலைச் சாயம் ஊற்றியதுபோல மண்ணிறமாகி இருந்தது. சுவிட்சை அணைத்துவிட்டுக் கேக்கை அரை வேக்காட்டிலேயே வெளியே எடுத்தேன். அன்றிரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை. என் பேத்தி அந்தச் சுவரோரம்தான் கதிரை போட்டு உட்கார்ந்து கேக் மா குழைக்கப் பழகுவாள்.

இரண்டாமவர் வந்து பார்த்தபோது அந்தப் பிளக்கை எடுத்து மேசையில் வைத்து, ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். சிறிய வட்டங்கள் இரண்டும் தலா 1.2 கிலோவாட், நடுத்தரம் 1.8, பெரியது 2.2, ஓவன் 3.4. மொத்தம் 9.8 கிலோவாட். 230 வோல்ட்டால் பிரித்தால் 42.6 ஆம்பியர். பிளக் தாங்குவது 13. "ஓவன் மட்டும் முழுச் சூட்டில் நின்றாலே 14.8 வருகிறது டீச்சர். பியூஸ் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. கம்பி வைத்தவுடன் பியூஸின் வேலை பிளக்கின் உடம்புக்கு வந்துவிட்டது" என்றார்.

அதற்குப் பிறகு அவர் காட்டியதுதான் என்னை உண்மையாகவே நடுங்க வைத்தது. அடுப்போடு வந்த வயரில் ஒவ்வொரு இழையும் 2.5 சதுர மில்லிமீற்றர். ஜேர்மன் வீடுகளில் மும்முனை (த்ரீ பேஸ்) மின்சாரம் உண்டு. மூன்று லைவ் இழைகளிலும் வெவ்வேறு முனைகளின் மின்சாரம் வருகிறது. அவை ஒன்றுக்கொன்று முன்பின்னாக அலைவதால், திரும்பிப் போகும்போது ஒன்றை ஒன்று பெரும்பாலும் கழித்துவிடுகின்றன. நீல இழையில் மிஞ்சுவது கொஞ்சம்தான், அதனால் அங்கே அதே பருமன் போதும். எங்கள் வீட்டில் இருப்பது ஒருமுனை மின்சாரம். மூன்று இழைகளையும் ஒன்றாக முறுக்கினால் போகிற பாதை மூன்றாக இருக்கிறது, திரும்பி வருகிற பாதை ஒன்றுதான். அங்கே கழிபடுவதற்கு எதுவும் இல்லை. முழு மின்சாரமும் அந்த ஒற்றை நீல இழை வழியாகவே வர வேண்டும். "பிளக் கருகாமல் இருந்திருந்தால் அடுப்புக்குப் பின்னால் இந்த நீலம்தான் கருகியிருக்கும், அது உங்கள் கண்ணுக்குத் தெரிந்திருக்காது" என்று, வயரின் மேலுறையைக் கத்தியால் நீளமாகப் பிளந்து காட்டினார். நீல உறை ஒரு சாண் நீளத்துக்கு மினுக்கம் போய், அழுத்தினால் நகம் பதிகிற அளவுக்கு இளகி இருந்தது.

400 வோல்ட் பயத்தையும் அவர்தான் தீர்த்தார். அந்த எண் இரண்டு முனைகளுக்கு இடையே உள்ளது. ஒரு முனைக்கும், மின்சாரம் திரும்பிப் போகிற நீல இழையான நியூட்ரலுக்கும் இடையே ஜேர்மனியிலும் 230தான், 50 ஹேர்ட்ஸ்தான், இங்கேயும் அதேதான். அடுப்பின் பின்மூடியைக் கழற்றினால் இணைப்புக் கட்டை ஒன்று இருக்கிறது. அதில் எல்1, எல்2, எல்3 என்று மூன்று திருகுகள், பக்கத்தில் நியூட்ரல், தள்ளி ஏர்த். மூன்று எல் திருகுகளையும் ஒன்றாக்குவதற்கான பித்தளைத் துண்டுகளை அடுப்புச் செய்தவர்களே சிறிய பையில் போட்டு மூடியின் உட்புறத்தில் ஒட்டி வைத்திருந்தார்கள். முதலில் வந்தவர் அந்த மூடியைத் திறக்கவே இல்லை.

இனிக் கிணற்றடி. எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே மணலும் இரண்டு வள்ளங்களும்தான். வாடைக் காற்று வீசுகிற மாதங்களில் யன்னல் கம்பியைத் தடவினால் விரல் உப்புக் கரிக்கும். இங்கே வீட்டுக்கு வீடு சொந்த ஏர்த் கம்பி மண்ணில் இறக்க வேண்டும், ட்ரிப் சுவிட்ச் உயிரைக் காப்பதற்கு அது மிக அவசியம் என்று விளக்கிக்கொண்டே அவர் மண்ணுக்குள் இருந்து அந்தக் கம்பியின் தலையை வெளியே கொண்டுவந்தார். கவ்வி இருந்த இடத்தில் மயில் துத்தம் போல் ஒரு பச்சைக் கட்டி. குறட்டால் மெதுவாகத் தட்டினார். கட்டி உதிர்ந்தது, அதோடு ஏர்த் வயரும் கழன்று அவர் கையில் வந்தது. எத்தனை ஆண்டுகளாக அப்படி இருந்ததோ. சலவை இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி எல்லாவற்றையும் ஏர்த் இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் தொட்டிருக்கிறேன். விறாந்தை ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்தினார். அதுவும் அசையவில்லை. அதை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டுமாம். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கிற புதிய ட்ரிப் சுவிட்சும், புதிய செப்புப் பூச்சுக் கம்பியும், பித்தளைக் கவ்வியும் அன்றே போட்டார். கவ்வியின் மேல் கிறீஸ் பூசி, சிறிய சீமெந்துத் தொட்டி கட்டி மூடி வைத்தார், திறந்து பார்க்க வசதியாக.

வயர் வாங்கப் பிரதான வீதிக்கு நானும் போனேன். மெயின் பெட்டியிலிருந்து குசினிக்கு 11 மீற்றர். கடையில் 7/1.04 என்று கேட்க வேண்டும். 1.04 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஏழு கம்பிகள் சேர்ந்தது, அதுதான் 6 சதுர மில்லிமீற்றர். சாதாரணப் பிளக் பொயின்ட்டுக்குப் போடுகிற 7/0.67 வெறும் 2.5. இந்தக் கணக்கைக் கேட்டுக்கொண்டு போனவர்களைக் கடைக்காரர் ஏமாற்ற முடியாது. மெயின் பெட்டியில் அடுப்புக்கென்று தனியாக 32 ஆம்பியர் பிரேக்கர். குசினியில் 45 ஆம்பியர் அடுப்புச் சுவிட்ச், லைவையும் நியூட்ரலையும் சேர்த்தே துண்டிப்பது. அதை அடுப்புக்கு நேர் மேலே வைக்கச் சொன்னேன், அழகாக இருக்கும் என்று. மறுத்துவிட்டார். எண்ணெய்ச் சட்டி பற்றினால் தீயின் மேலாகக் கையை நீட்டி அணைக்க வேண்டிவரும் என்றார். இப்போது சுவிட்ச் பக்கவாட்டில், கை நீட்டும் தூரத்தில் இருக்கிறது.

42.6 ஆம்பியர் அடுப்புக்கு 32 ஆம்பியர் பிரேக்கர் எப்படிப் போதும் என்று நான் கேட்டேன். முதல் 10 ஆம்பியரை முழுதாக எடுத்து, மிச்சத்தில் நூற்றுக்கு 30 மட்டும் சேர்ப்பது வீட்டு அடுப்புக்கு உள்ள வழக்கமான கணக்காம். அப்படிப் பார்த்தால் 20 ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. எல்லா வட்டங்களும் ஒரே நேரத்தில் முழுச் சூட்டில் தொடர்ந்து நிற்பதில்லை, சூடேறியதும் தானாகவே அணைந்து அணைந்து எரிகின்றன. ஆனால் எங்கள் இணைப்பு 30 ஆம்பியர் ஒருமுனை என்பதால், ஓவனும் பெரிய வட்டமும் எரியும்போது தண்ணீர் மோட்டாரையும் இஸ்திரிப் பெட்டியையும் சேர்த்துப் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னார். மும்முனை இணைப்புக்கு விண்ணப்பிக்கலாம், அப்போது பித்தளைத் துண்டுகளைக் கழற்றி, பழையபடி ஐந்து இழை வயர் போடலாம். எனக்கு அது தேவைப்படவில்லை. விடிய எழுந்து மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பிவிட்டுத்தான் கேக் வேலையைத் தொடங்குகிறேன்.

சுவரிலிருந்து அடுப்புக்கு வரும் அந்த ஒன்றரை மீற்றர் வயருக்காகத்தான் மூன்று நாள் காத்திருந்தோம். கடைகளில் இருந்தது சாதாரண பிவிசி உறை போட்டது, 70 பாகை வரைதான் தாங்கும். ஓவனின் முதுகுப் பக்கம் எவ்வளவு சுடும் என்பது பின்னால் துணி உலர்த்தியவர்களுக்குத் தெரியும். சூடு தாங்கும் இறப்பர் உறை போட்ட மூன்று இழை வயரைக் கொழும்பிலிருந்து பஸ்ஸில் எடுப்பித்தார். ஓடர்கள் நிற்க, எனக்கு அந்த மூன்று நாளும் கோபம்தான். இப்போது இல்லை.

அதை மாட்டிய விதத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். வெளியுறையை ஒரு விரல் நீளம் மட்டும் சீவினார். உள்ளே மண்ணிறம், நீலம், பச்சை மஞ்சள். மண்ணிறத்தையும் நீலத்தையும் ஒரே அளவில் வெட்டினார், பச்சை மஞ்சளை மட்டும் இரண்டு விரற்கடை நீளமாக விட்டார். ஏன் என்று கேட்டேன். "யாராவது அடுப்பை இழுத்து, வயர் பிய்ந்தாலும் லைவ் முதலில் கழன்றுவிடும். ஏர்த் கடைசி வரைக்கும் பிடித்துக்கொண்டு நிற்கும்" என்றார். மயிரிழை போன்ற செப்புக் கம்பிகளைத் திருகின் கீழே அப்படியே நசுக்காமல், ஒவ்வொரு இழையின் நுனிக்கும் லக் என்கிற உலோக உறை போட்டு, அதற்கென்று உள்ள குறட்டால் அழுத்தினார். என் கணவர் இருந்த காலத்தில் முனைக்கு ஈயம் ஊற்றுவார்கள். அதைச் சொன்னேன். ஈயம் திருகின் அழுத்தத்தில் நாளாக நாளாக வழிந்து கொடுக்கும், இணைப்புத் தளரும், தளர்ந்த இடம் சுடும் என்றார். கடைசியாக, பின்மூடியில் உள்ள பிடிப்பான் வயரின் வெளியுறையைக் கவ்வும்படி இறுக்கி, வயரைப் பிடித்து நன்றாக இழுத்துப் பார்த்தார். உள்ளே ஒன்றும் அசையவில்லை. முதலாமவர் மாட்டியதில் இழுபாரம் முழுக்க முறுக்கிய செப்பின் மேல்தான் இருந்தது.

அன்று மாலை நான்கு வட்டங்களும் எரிந்தன. ஓவனைப் போட்டவுடன் வீடு இருண்டது. ட்ரிப் சுவிட்சைத் திரும்பப் போட்டார், திரும்பவும் விழுந்தது. மகன் பையன் மெல்லிய குரலில் ஏர்த்தைக் கழற்றிப் பார்ப்போமா என்றான். அவர் குரல் உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்: "அப்படிக் கழற்றினால் ட்ரிப் விழாது, அடுப்பின் உடம்பில் கரண்ட் நிற்கும். அதைத் தொடப்போவது டீச்சர்."

கரண்ட் கசிகிறதா என்று அளக்கும் மெகர் கருவியை வைத்து ஒவ்வொன்றாகச் சோதித்தார். கீழ்ப்பக்கச் சூட்டுக் குழாய்தான் கசிந்தது. அந்தக் குழாய்க்குள் கம்பிச் சுருளைச் சுற்றி மக்னீசியம் ஒக்சைட்டுத் தூள் அடைத்திருக்கிறார்களாம். உப்புப் போத்தல் மாரியில் நீர் கோர்ப்பதுபோல அது ஈரத்தை உறிஞ்சும். கடல் வழியாக வந்து, பிறகு மாதக் கணக்கில் தம்பியின் கொட்டிலில் கிடந்த அடுப்பு அது. கீழ்க் குழாயின் இரண்டு முனைகளையும் கழற்றி மூடிக் கட்டிவிட்டு, மேல் குழாயை மட்டும் குறைந்த சூட்டில் எரியவிட்டு, கதவை ஒரு அகப்பைக் காம்பு வைத்துச் சிறிது திறந்து வைத்தார். 40 நிமிடம் கழித்து அளந்தபோது மெகர் காட்டிய எண் ஏறியிருந்தது, அதாவது கசிவு குறைந்திருந்தது. மறுநாள் காலை வந்து இன்னும் ஒரு மணி நேரம் அப்படியே உலர்த்தினார். பிறகு கீழ்க் குழாயைப் பூட்டினார். ட்ரிப் விழவில்லை, இன்றுவரை விழவில்லை.

பொருள்கள் 38,000 ரூபாய்க்குச் சற்று மேல், ஏர்த் வேலையும் ட்ரிப் சுவிட்சும் சேர்த்து. இரண்டு நாள் கூலி இருவருக்கும் 14,000. மலிவில்லை. முதலாமவர் 2,500 ரூபாய்தான் வாங்கினார். குறைகளும் உண்டு. சொன்ன நாளுக்கு ஒரு நாள் பிந்தி வந்தார், தொலைபேசியில் அறிவிக்கவும் இல்லை. பழைய சுண்ணாம்புச் சுவரில் குழாய் பதிக்கத் தோண்டியபோது அளவுக்கு மேல் உதிர்ந்தது, பூசி மினுக்க மேசன் ஒருவரைத் தனியாகப் பிடிக்க வேண்டியிருந்தது. பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. கேட்டவுடன் வயரின் நீளம் வரைக்கும் எழுதித் தந்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஓவனைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: ஒரு இறாத்தல் பட்டர் கேக் 170 பாகையில் 50 நிமிடம். அடி கருகுவதில்லை, நடு வெடித்து எழும்புவதில்லை. பழைய காஸ் ஓவனில் தட்டைப் பாதியில் திருப்பி வைக்க வேண்டும், இதில் அந்த வேலை இல்லை. றிச் கேக்கைக் குறைந்த சூட்டில் மூன்று மணி நேரம் விட்டுவிட்டு நிம்மதியாக மற்ற வேலை பார்க்கலாம். இரவு ஏழு மணிக்குப் பிறகு மின்னழுத்தம் சற்று இறங்குவதால் சூடேறக் கூடுதலாகச் சில நிமிடங்கள் எடுக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டு மாதம் கழித்துத் திருகுகளைப் பார்க்க வருகிறேன், அதற்குக் காசு வேண்டாம் என்று போகும்போது சொல்லியிருந்தார். தைப்பொங்கல் கழிந்த கிழமை வந்தார். மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்து, பின்மூடியைத் திறந்து ஒவ்வொரு திருகாக இறுக்கிப் பார்த்தார். லைவ் திருகுகள் மூன்றும் ஏர்த்தும் அசையவில்லை. நியூட்ரல் மட்டும் கால் சுற்று இறங்கியது. "சூடாகிக் குளிரும்போது செப்பு இப்படிக் கொஞ்சம் இடம் கொடுக்கும்" என்று சொல்லி, மூடியைப் பூட்டி, அடுப்பைச் சுவரோடு தள்ளி வைத்துவிட்டுத் தேநீர் குடித்தார்.